மண்கோட்டை காத்த மாந்தர்

சித்தூரிலிருந்து மேற்கே பலமனேரி, புங்கனூர் வழியாகச் செல்லும் அன்பர்கள், ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் ஊர்ப்புறத்துக் கோயில் வாயிலிலும் சில பழங்கற்கள் நிற்பதைக் கண்டிருக்கக்கூடும். வில்லோ வாளோ ஏந்திய வீரன் ஒருவனின் உருவம் அக்கல்லில் புடைத்து நிற்கும். சிலவற்றில் எழுத்தும் உண்டு. இன்ன மன்னன் ஆண்ட காலத்தில், இன்ன ஊர் தாக்குண்டபோது, இன்னான் மகன் இன்னான் பொருது பட்டான் என்று அவ்வெழுத்துச் சொல்லும். இங்குள்ள தெலுங்கு மக்கள் அதனை ‘வீரகல்லு’ என்பர். நம் முன்னோர் ‘நடுகல்’ என்றனர். கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி, நீராட்டி, பெயர் பொறித்து, நட்டு, வாழ்த்துவது ஈறாக அதற்குரிய முறைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது.

இக்கற்களில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவற்றுள் பெரும்பாலானவை அரசர்க்கு எடுத்தவை அல்ல. ஊரில் ஏர் உழுதவனும் ஆநிரை காத்தவனும் இடர் வந்த நாளில் படைக்கலம் எடுத்து மாண்டான். ஊரார் அவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தனர். மன்னன் பெயர் அக்கல்லில் காலத்தைக் குறிக்க மட்டுமே வருகின்றது. கல்லின் தலைவன் ஊர்மகனே.

அத்தகைய கல் ஒன்றும் நடப்பெறாத ஒரு போர்க்களத்தைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். அது நம் திருப்பதிக்கும் சித்தூருக்கும் தெற்கே நெடுந்தொலைவில், தூத்துக்குடிக்கு அருகில், ஓட்டப்பிடாரத்தை அடுத்துள்ள பாஞ்சாலங்குறிச்சி.

பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது வீரபாண்டியக் கட்டபொம்மன் பெயர். 1959ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு எடுத்த திரைப்படமும், அதில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் முழங்கிய முழக்கமும் தமிழர் வாழும் நாடெல்லாம் அப்பெயரைக் கொண்டு சென்றன. 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினான்; முதல் தாக்குதலில் தோற்றான். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் பின்னர்ப் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். படம் அங்கு முடிந்துவிடுகின்றது. நம்மில் பலருக்கு வரலாறும் அங்கேயே முடிந்துவிடுகின்றது. ஆனால் பாஞ்சாலங்குறிச்சியின் பெரும்போர் அதற்குப் பின்னரே நடந்தது. மன்னன் மாண்டு, கோட்டை தரைமட்டமாகி, பாளையம் என்ற பெயரே ஒழிந்தபின் நடந்த போர் அது.

முதற்போரில் பொருதவர் பாளையக்காரரின் மானியம் உண்டவர்கள். உண்ட சோற்றுக்குக் கடன் கழித்தவர்கள் என்று ஒருவர் சொல்லலாம். 1801ஆம் ஆண்டில் அவ்வாறு சொல்ல இடமில்லை. 1799ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கும்பினியார் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தைப் பறித்து, அதன் நிலங்களைத் தமக்குத் துணைநின்ற பிற பாளையங்களுக்குப் பங்கிட்டனர். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், படைக்கலங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும், மீறி ஆயுதம் வைத்திருப்போருக்கு மரண தண்டனை என்று பானர்மன் விளம்பரம் செய்தான். ஆகவே 1801ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சிக்கு வேல் ஏந்தி வந்தவனுக்குக் கூலி தர அங்கே எவரும் இல்லை. மானிய நிலமும் இல்லை. வேலைக் கையில் எடுத்த அளவிலேயே தூக்குக் கயிறு காத்திருந்தது. அதனை அறிந்தே வந்தவர்களைத் தொண்டர்கள் என்பதன்றி வேறு என்னென்று சொல்வது?

கட்டபொம்மனின் தம்பியர் ஊமைத்துரையும் செவத்தையாவும் அவர்தம் உறவினரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் மாலை மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் வெள்ளையர்க்கு விருந்து. பெண்டிரும் ஆடவருமாய் அவ்வூர் ஆங்கிலேயர் பலரும் அங்கே கூடியிருந்தனர். சிறையில் அம்மை கண்டிருந்தமையால் கைதிகளின் விலங்குகள் களையப்பட்டிருந்தன. அம்மாலைப் பொழுதில் காவலரை மடக்கி வீழ்த்தி அவர்கள் தப்பிச் சென்றனர். இரவோடு இரவாகப் பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்தனர்.

மெக்காலே திரட்டிய படையைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரத்திற்குள் அங்கே சென்றான். இடித்துத் தரையோடு தரையாக்கிய இடத்தில் வெறுவெளியைக் காண்போம் என்று சென்றவன், மதில் எழுந்து நிற்பதைக் கண்டான். மதிலின்மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர் நின்றனர். அப்படையில் அதிகாரியாய் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்பவர், தம் படை வாழ்க்கை நினைவுகளை 1830ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். எதிரியின் கையால் எழுதப்பட்டதேனும், பாஞ்சாலங்குறிச்சி வீரரைப் பற்றி நேரில் கண்டு எழுதிய நூல் அது. மதிலைக் கண்ட வியப்பை அவர் மறைக்கவில்லை. சில நாட்களில் அம்மதிலை எழுப்பியவர் யாவர்? கொத்தர் கூட்டமா? அரசன் ஏவிய அடிமைகளா? அல்லர். சுற்றுப்புறத்து ஊர்மக்களே மண் சுமந்தனர். பெண்கள் கூடை சுமந்திருப்பர் என்று கொள்வதில் தவறில்லை. நம் நாட்டில் மண் சுமக்கும் வேலை என்று பெண்ணை விலக்கியது?

வந்த படை போதாதென்று மெக்காலே பாளையங்கோட்டைக்குத் திரும்பினான். மேலும் படை சேர்த்து, மார்ச் 31ஆம் நாள் மீண்டும் வந்து தாக்கினான்.

கோட்டையின் அமைப்பை வெல்ஷ் விரித்துரைக்கிறார். நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி. முழுதும் மண், நன்கு பிசைந்து இறுகிய மண். மதிலின் உயரம் 12 அடி அளவே. அகழி கிடையாது, சுற்றிலும் அடர்ந்த முள்வேலி மட்டும் உண்டு. வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதிலையும் நீர் நிறைந்த அகழியையும் கண்டு பழகிய நமக்கு, இது ஒரு கோட்டையா என்று தோன்றும். செஞ்சியையும் சந்திரகிரியையும் கண்டவர் சிரித்தாலும் சிரிப்பர். ஆனால் கல்மதிலைப் பிளக்கும் பீரங்கிக் குண்டு மண்மதிலில் புதைந்துபோகும். மண் சரிந்தால் இரவில் மண்ணைக் கொண்டே அடைத்துவிடலாம்.

அன்று பீரங்கியால் ஒருவாறு மதிலைச் சிதைத்து, வெள்ளைப் படையினர் அப்பிளவின்மேல் ஏறினர். ஏறினவர் ஒவ்வொருவராய் மாண்டு விழுந்தனர். மதிலின் உச்சியை எட்டியவன் எவனும் உயிரோடு உள்ளே இறங்கவில்லை. கொல்பவன் யார் என்பதே ஏறினவர்களுக்குத் தெரியவில்லை. அதன் காரணம் கோட்டை வீழ்ந்தபின்னரே அவர்களுக்குப் புலப்பட்டது. கொத்தளங்களின் உட்புறம் குடைவாக இருந்தது. அக்குடைவில் நின்ற வீரர் பதினெட்டு இருபது அடி நீள வேல்களைக் கொண்டு, தம் தலையைக் காட்டாமலே, மேலே ஏறுகின்றவரைக் கீழிருந்து குத்தி வீழ்த்தினர். அவர்களிடம் இருந்த துப்பாக்கிகள் சில, பீரங்கிகளோ பழையவை. வேலே அவர்களுக்குக் கோட்டை. தாக்கிய வெள்ளையருள் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது புண்பட்டனர். மெக்காலே பின்வாங்கி, கோட்டைக்குச் சற்று அப்பால் பாடி அமைத்துக்கொண்டு, உதவிப்படைக்குக் காத்திருந்தான். ஏப்ரல் கழிந்தது, மே மாதத்திலும் மூன்று வாரம் கழிந்தது. இரு மாத அளவு அம்மண்கோட்டை முற்றுகையில் நின்றது.

மதிலை வளைத்துப் பொருவோர் உழிஞைப் பூவையும், உள்ளிருந்து காப்போர் நொச்சிப் பூவையும் சூடுவர் என்று புறப்பொருள் வெண்பாமாலை இலக்கணம் கூறும். பாஞ்சாலங்குறிச்சி வீரர் நொச்சி சூடினரோ இல்லையோ அறியோம். அதன் பொருளை உணர்ந்தவர்கள் அவர்கள்.

அவர்களை நடத்திய தலைவனைப் பற்றி வெல்ஷ் எழுதியுள்ள ஒரு செய்தி வியக்கத்தக்கது. ஊமைத்துரை பேசும் ஆற்றல் குறைந்தவன், உடலும் மெலிந்தவன். ஆயினும் அவன் செய்யும் சிறு சைகையும் மக்களுக்குத் தெய்வ வாக்காய் இருந்தது. வைக்கோல் துரும்புகளை எடுத்து இடக்கையில் பரப்பி வைப்பான். அவை ஆங்கிலப் படை. பின்னர் வலக்கையால் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் சீறும் ஒலி எழுப்புவான். அதுவே தாக்குதலுக்குக் கட்டளை! மேடையேறி மணிக்கணக்கில் பேசும் தலைவர்கள் மலிந்த நாளில், வாய் பேசாத ஒருவனுக்காக உயிர் கொடுத்தவர்களை எண்ணிப் பார்க்க நமக்குச் சற்று நாணமாகத்தான் இருக்கிறது.

மே மாதம் கர்னல் அக்னியூ பெரும்படையோடும் கனத்த பீரங்கிகளோடும் வந்து சேர்ந்தான். 24ஆம் நாள் பிளவு அகன்றது. அன்றும் பிளவை விட்டு வீரர் அகலவில்லை. அங்கே நின்றவர் நின்ற இடத்திலேயே மாண்டபின்தான் வெள்ளைப்படை உட்புகுந்தது. எஞ்சியோர் திரளாக வெளியேறினர். வெளியே குதிரைப்படை காத்திருந்து துரத்தித் துரத்தி வெட்டியது. ஊமைத்துரையும் வெட்டுண்டு பிணங்களோடு பிணமாய் வீழ்ந்தான்.

அதன்பின் நடந்ததை வெல்ஷ் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். இக்கட்டுரை எழுதத் தூண்டியதும் அதுவே.

போர் ஓய்ந்தபின் சிற்றூர்ப் பெண்கள் சிலர் களத்திற்கு வந்தனர். தம் மக்களையும் கணவரையும் தேடி வந்தவர்கள் அவர்கள். அவர்களுள் ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். உடலெங்கும் புண், உயிர் மட்டும் ஊசலாடுகிறது. அவனைத் தூக்கி எடுக்க முனைந்தாள். அவனோ, தான் இறப்பதைப் பற்றிக் கவலை வேண்டா என்றும், அருகில் புண்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றுமாறும் தாயிடம் வேண்டினான். சாமி என்று அவன் குறித்தது ஊமைத்துரையை.

அத்தாய் மகனைக் கீழே கிடத்தினாள். உடன்வந்த பெண்களின் துணையோடு ஊமைத்துரையைத் தன் வீட்டிற்குத் தூக்கிச் சென்றாள். சிறிது நேரத்திற்குள் எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தனர். எட்டயபுரம் கும்பினியாரின் பக்கம் நின்ற பாளையம். அவர்கள் வருவதைக் கண்ட பெண்கள், கிடந்தவன்மேல் வெள்ளைத் துணியை மூடி ஒப்பாரி வைத்தனர். யார் இறந்தது என்று கேட்டவர்களுக்கு, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று விடை வந்தது. அம்மை என்ற சொல்லைக் கேட்ட அளவில் வந்தவர் திரும்பிப் பாராமல் ஓடினர். சிறையில் கைவிலங்கைக் களைந்த அம்மையே, அன்று உயிரையும் காத்தது.

ஊமைத்துரை பிழைத்தான். சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரரோடு சேர்ந்தான். 1801 ஜூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் மருதுவின் அறிக்கை வெளிப்பட்டதும், அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டதும் பலரும் அறிந்தவை. நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரையும் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டான். அந்தத் தாயின் மகன் என்ன ஆனான்? வெல்ஷ் எழுதவில்லை. அவன் பெயரையும் எழுதவில்லை. தாயின் பெயரையும் எழுதவில்லை. ஊமைத்துரையை மீண்டும் வாழவைத்த அவ்விருவரும் வரலாற்றில் ஒரு பக்கத்தில் தோன்றி மறைகின்றனர்.

இனி நினைவுச் சின்னங்களைப் பார்ப்போம். போரில் மாண்ட வெள்ளையர்க்கு உடனே கல்லறை எழுந்தது. 1799ஆம் ஆண்டில் வீழ்ந்தவர்க்கு ஓட்டப்பிடாரத்திலும், 1801ஆம் ஆண்டில் வீழ்ந்தவர்க்குப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு அண்மையிலும் கல்லறைகள் உள்ளன. அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அதில் நமக்கு மனத்தாங்கல் வேண்டுவதில்லை. இறந்தவனுக்குக் கல் நடுவது எந்நாட்டவர்க்கும் உரிய நன்முறையே. ஆனால் அதே கும்பினிப் படையில் சேர்ந்து மாண்ட நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு அந்தப் பெயர்வரிசையில் இடம் கிடைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எட்டயபுரத்து வீரர்களும் அப்படியே. எதிரெதிர் நின்று பொருத இரு சாரார்க்கும் அந்த ஒன்று மட்டும் பொதுவாயிற்று.

கோட்டை இருந்த இடத்தையோ மீண்டும் இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தனர் என்பர். ஊரின் பெயரையே கணக்குப் புத்தகங்களிலிருந்து நீக்கினர் என்றும் சொல்லுவர். பெயரை நீக்கியும் பயன் விளையவில்லை. கதைப்பாட்டுக்காரர் அதனை எடுத்துக்கொண்டனர். எழுத்தறியாத மக்கள் நடுவில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாயிலேயே வாழ்ந்த அப்பாடலை, பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துத் தந்தார். வெள்ளையத் தேவனும் சுந்தரலிங்கமும் நமக்குக் கிடைத்தது மக்கள் நாவின் வழியே. கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தைக் கடந்து செல்லும் வழிப்போக்கர் ஆளுக்கொரு கல்லை இட்டுச் செல்ல, அங்கே ஒரு கற்குவியல் எழுந்தது என்பது அந்நாட்டார் நெடுநாள் சொல்லிவரும் செய்தி. எழுத்தில்லாத நடுகல் என்று அதனைச் சொல்லலாம். பிற்காலத்தில் அங்கே நிலம் வாங்கிச் சிலை நிறுவியவர் சிவாஜி கணேசன். பாஞ்சாலங்குறிச்சியில் தமிழ்நாட்டு அரசு 1974ஆம் ஆண்டில் நினைவுக் கோட்டை எழுப்பியது. உள்ளே கட்டபொம்மன் சிலையும், வரலாற்றைக் காட்டும் ஓவியங்களும் இருக்கின்றன. அருகில் சக்கம்மாள் கோயில் உண்டு.

சக்கம்மாள் என்றதும் இந்நாட்டில் வாழும் நாம் சற்று நின்று கேட்க வேண்டிய செய்தி ஒன்றிருக்கிறது. அத்தெய்வம் கம்பளத்தாரின் குலதெய்வம். கட்டபொம்மன் மரபினர் வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. ‘கெட்டி பொம்மு’ என்னும் தெலுங்குப் பெயரே கட்டபொம்மு ஆயிற்று என்பர். வடக்கிலிருந்து தெற்கே குடியேறிய குடும்பம் அது. தெற்கிலிருந்து வடக்கே வந்து குடியேறிய நமக்கு அவர்களின் நிலை எளிதில் விளங்கும். அக்கோட்டையைக் காத்தவர்களுள் கம்பளத்தாரும் இருந்தனர், மறவரும் இருந்தனர், தேவேந்திரரும் இருந்தனர். தெலுங்கு பேசியவனும் தமிழ் பேசியவனும் ஒரே பிளவில் நின்று ஒரே வேலைப் பற்றினர். களத்தில் கிடந்த அந்த மகன் தாயிடம் எம்மொழியில் பேசினான் என்பதைக்கூட நாம் சொல்ல இயலாது. வெல்ஷ் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்.

இதில் ஓர் இன்ப முரணும் உண்டு. வடக்கெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சிலம்புச் செல்வர் ம. பொ. சிவஞானம், திருப்பதியும் சித்தூரும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று வாதாடியவர். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. அந்த ம. பொ. சி. அவர்களே கட்டபொம்மன் வரலாற்றை நூலாக எழுதி, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவ்வீரனைத் தமிழர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொண்டு சேர்த்தார். எல்லைக்காக வாதாடியவரின் உள்ளத்தில் வீரத்திற்கு எல்லை இல்லாதிருந்தது. எல்லை வழக்கு முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட இந்நாளில், இரு மொழியாரும் கூடி வாழும் இவ்வூர்களில் இதனைச் சொல்வது பொருத்தம் என்று கருதுகிறேன்.

பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த இரண்டு மாதத்தில், 1801 ஜூலை 31ஆம் நாள், ஆர்க்காட்டு நவாபு கருநாடகம் முழுவதையும் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தான். சித்தூர்ச் சீமையும் அதனோடு சென்றது. இங்கிருந்த பாளையக்காரர்களிடமும் அதே கட்டளை வந்தது: கோட்டையை இடி, ஆயுதத்தை ஒப்படை. 1804ஆம் ஆண்டு தொடங்கிச் சித்தூர்ப் பாளையங்களும் கிளர்ந்தெழுந்தன. படை அனுப்பி அடக்கப்பட்டன. அவர்களுக்குத் திரைப்படம் இல்லை; நினைவுக் கோட்டை இல்லை. நம் சங்கத்து இளைஞருள் வரலாறு பயில்வோர் எவரேனும், இங்குள்ள தெலுங்கு நண்பரோடு சேர்ந்து, சித்தூர்ப் பாளையங்களின் வரலாற்றைத் தேடி எழுதுவாராயின், அடுத்த மலரில் அதற்கு முதலிடம் தரலாம்.

பாஞ்சாலங்குறிச்சியைக் காணச் செல்வதும் அரிதன்று. விடுமுறையில் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ செல்லும் அன்பர்கள், வ. உ. சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரத்தையும் பார்த்துக்கொண்டு, அங்கிருந்து சிறு தொலைவு சென்றால் போதும். நினைவுக் கோட்டையைப் பார்த்தபின், பழைய மாளிகையின் அடித்தளத்தையும் பாருங்கள். இத்துணைச் சிறிய இடமா என்று வியப்பீர்கள். பின்னர் வெள்ளையர் கல்லறைக்குச் சென்று, அங்குள்ள பெயர்களைப் படியுங்கள். திரும்பும்போது, அந்தத் தாய் எந்த ஊரிலிருந்து மகனைத் தேடி வந்தாள் என்று, அவ்வூர் முதியவர் எவரையேனும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.